அட்டை போட்டு மூடிய கோப்பை

இப்போதெல்லாம் யாரும் எதையும் சூடாகச் சாப்பிடுவதில்லை. தட்டு வந்து மேசையில் உட்கார்ந்ததும் முள்கரண்டியை எடுக்க வேண்டிய கை போனை எடுக்கிறது. மாட்டிறைச்சிமேல் ஊற்றிய குழம்பு ஆடை கட்டுகிறவரைக்கும் குனிந்தும் நிமிர்ந்தும் படம் பிடிக்கிறார்கள். அப்புறம் ஒரு வாய் வைத்துவிட்டு, ஆறிப்போயிருக்கிறதே என்று பரிமாறினவளிடம் முகத்தைச் சுளிக்கிறார்கள். பெர்சி கார்சைட்டுக்கு எழுபத்து மூன்று வயது. எத்தனையோ திருடர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஒருத்தன்கூட குழம்பை ஆறவிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. ஆஷ்ஃபெல் ஊரின் 'குருட்டுக் குதிரை' பப்பில் கால் வைக்க இடமில்லை. நானூறு வருஷத்துக் கட்டடம் என்று வாசலில் எழுதிப் போட்ட நாளிலிருந்தே இந்தக் கதிதான். எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வருகிறார்கள். வாசலின் தாழ்ந்த உத்தரத்தில் தலையை இடித்துக்கொள்கிறார்கள். இடித்துக்கொண்டதையும் படம் பிடிக்கிறார்கள்.

பெர்சி தானாக வரவில்லை. சாப்பிடலாம் என்று சொல்லி டிலிஸ்தான் இழுத்து வந்தாள். டிலிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது, வேல்ஸ்காரி, முப்பது வருஷம் பஸ் ஓட்டினவள். இப்போது பெர்சிக்கு வண்டி ஓட்டுகிறாள், எழுத வேண்டியதை எழுதிக் கொடுக்கிறாள், மற்ற நேரமெல்லாம் வாயாடுகிறாள். பெர்சி இதே ஊரில் முப்பத்தொரு வருஷம் சாதாரணப் போலீஸ்காரராகவே காலந்தள்ளி ஓய்வு பெற்றவர். மேலே போகப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. மூன்று தடவை எழுதினார். மூன்று தடவையும் தாள்தான் ஜெயித்தது. ஓய்வுக்கு அப்புறம் காணாமல் போன நாய், காணாமல் போன புருஷன் என்று தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கிடைத்ததில் நாய்கள்தான் அதிகம்.

"இன்னிக்குக் காணாமப் போனது நாயுமில்ல, புருஷனுமில்ல," என்று வண்டியை நிறுத்தும்போதுதான் டிலிஸ் முடிச்சை அவிழ்த்தாள். "குவளை."

கணப்புக்கு மேலே ஆணியில் தொங்கும் வெள்ளீயக் குவளை. ஒரு வழிப்பறிக்காரன் தூக்குமரத்துக்குப் போகிற வழியில் கடைசியாகக் குடித்தது என்று சொல்வார்கள். பஸ் பிடித்து வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து அதைச் சோதித்துப் புத்தகத்தில் போடுவதாக ஏற்பாடு. அது இன்று ஒன்றரை மணிக்கு ஆணியில் இல்லை. பப்பை நடத்துகிற ரோலண்ட், ஹேசல்தான் எடுத்தாள் என்கிறான். சமையல்கட்டு மூன்று மணிக்கு மூடும், அதற்குள் குவளை வரவில்லையென்றால் போலீசைக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டான்.

ஹேசல் கவுண்டரில் பீர் ஊற்றுகிறவள், டிலிஸின் சிநேகிதி. அவள் குடியிருப்பதும் பப்பின் மாடி அறையில்தான். வேலை போனால் அன்றைக்கே கூரையும் போகும். போதாததற்கு, பதினேழு வயதில் ஒரு ஜோடி ஷூ திருடிக் கோர்ட்டில் நின்றவள். பதினாலு வருஷமாகியும் ஊர் மறக்கவில்லை. பெர்சி எப்படி மறப்பார்? பிடித்தவரே அவர்தான்.

"அவதான் எடுத்திருப்பா," என்றார் பெர்சி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கி.

"நல்ல ஆரம்பம். வந்த வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போகலாமா?" என்றாள் டிலிஸ்.

உள்ளே நுழைந்ததும் பழக்கத்தில் அவர் கண் மேலே போனது. கவுண்டருக்கு மேல் உத்தரம் நெடுக, ஊர்க்காரர்களின் சொந்தக் குவளைகள் வரிசையாகக் கொக்கியில் தொங்கின. நாலாவது அவருடையது. கவுண்டரைத் தாண்டி இருட்டு மூலையில் இருந்த கடைசிக் கொக்கி பழைய கூட்டாளி ஜெத்ரோவுடையது. போன பிப்ரவரியில் ஜெத்ரோ செத்தபோது குவளையை அவன் நெஞ்சின்மேல் வைத்துத்தான் பெட்டியை மூடினார்கள். தூக்கினவர்களில் பெர்சியும் ஒருத்தர். படியிறங்கும்போது உள்ளே அது கடகடவென்று உருண்டதில் பாதிரியாரே சிரித்துவிட்டார். செத்தவன் கொக்கியை ஒரு வருஷம் காலியாக விடுவது இங்கே வழக்கம். அந்தப் பக்கம் யாரும் பார்க்கமாட்டார்கள். பெர்சியும் அங்கே போகுமுன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

ரோலண்ட் அகன்ற தோளும் சிவந்த கழுத்துமாக வந்து நின்றான். அவன் அப்பன், தாத்தன் எல்லாரும் இதே கவுண்டருக்குப் பின்னால் நின்று தேய்ந்தவர்கள். இடுப்பில் சாவிக்கொத்து ஆடியது. பெரியவர் வந்ததே நல்லது, பழைய கதை தெரிந்தவர் என்று சொல்லித் தன் கதையைச் சொன்னான். ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே மஞ்சள் மழைக்கோட்டு போட்ட வெளியூர் ஆள் ஒருத்தன் ஆறாம் மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தானாம். ஹேசல் இரண்டு தடவை அவனிடம் குனிந்து ஏதோ பேசினாளாம். ஒன்றேகாலுக்கு பஸ்ஸில் வந்த கூட்டம் முழுக்க வாசலில் குழுப்படம் எடுத்துக்கொள்ளப் போனது. அவர்கள் திரும்பி வந்தபோது மஞ்சள் கோட்டும் இல்லை, குவளையும் இல்லை.

"அவ எடுத்துக் குடுத்தா, அவன் கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிட்டான். இதுல துப்பறிய என்ன இருக்கு பெரியவரே? அந்தா பாருங்க, அவன் குடிச்ச கோப்பை இன்னும் அங்கேயே இருக்கு."

இருந்தது. ஆறாம் மேசையில் பாதி குடித்த கண்ணாடிக் கோப்பை, அதன் வாய்மேல், வழக்கமாகக் கோப்பைக்கு அடியில் போடுகிற வட்டமான பீர் அட்டை. கடை முழுக்கக் காலியாக இருந்த மேசை அது ஒன்றுதான். பெர்சியும் டிலிஸும் அங்கேயே உட்கார்ந்தார்கள். பெர்சி அந்தக் கோப்பையைத் தொடவில்லை.

பழகின ஆள் என்பதால் ஹேசல் கேட்காமலே அவருக்கு ஒரு பைண்ட் பீர் கொண்டுவந்து வைத்தாள். கண்ணைச் சுற்றிச் சிவந்திருந்தாலும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"நான் எடுக்கல மிஸ்டர் கார்சைட்."

"போன தடவையும் அதத்தான் சொன்ன. ஷூ அப்ப உன் கால்ல இருந்துச்சு."

"இருந்துச்சு," என்றாள் அவள். "ஆனா அந்தக் குவளை என் கால்ல ஏறாது."

டிலிஸ் சிரித்தாள். பெர்சி சிரிக்கவில்லை. மஞ்சள் கோட்டுக்காரனோடு என்ன பேசினாய் என்று கேட்டார். தட்டுகளைச் சுமந்துகொண்டு போகும்போது பார்த்தேன், பேசவே இல்லை என்றாள். அவன் என்ன வாங்கினான் என்றதற்கு, தன்னிடம் ஒன்றும் வாங்கவில்லை, ஆனால் கூட்டத்தில் யார் யாருக்கு ஊற்றினேன் என்று சத்தியம் செய்ய முடியாது என்றாள். ஒன்றரைக்கு முன்னால் இந்த மேசையைத் துடைக்க வந்திருக்கிறாள். கோப்பைமேல் அட்டை இருப்பதைப் பார்த்து, யாரோ சிகரெட் பிடிக்க வெளியே போயிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டுப் போய்விட்டாளாம்.

அவள் போனதும் பெர்சி மெதுவாகச் சொன்னார்: "வெளியூர்க்காரன் கோப்பைக்கு அட்டை வச்சு மூடுவானா?"

இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி அது. மூடிய கோப்பை என்றால் ஆள் திரும்பி வருவான், யாரும் எடுக்கக்கூடாது. வெளியூர்க்காரர்களுக்கு அட்டை என்பது வீட்டுக்கு எடுத்துப் போகிற ஞாபகப்பொருள்.

"அதுவும் திருடிட்டு ஓடுறவன், நான் திரும்ப வரேன், என் இடத்தப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டா போவான்? ரொம்ப மரியாதையான திருடன்," என்றாள் டிலிஸ்.

பெர்சி தன் பைண்டில் ஒரு வாய் குடித்தார். அதன்மேல் ஒரு அட்டையை வைத்தார். எழுந்தார். முழங்கால் முனகியது.

மஞ்சள் கோட்டைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் எவரும் தேவைப்படவில்லை. அக்டோபர் தூறலில் ஊரே சாம்பல் பூத்துக் கிடந்தது. தேவாலயத்து மதிலோரம் பஸ் நிறுத்தத்தில் அந்த மஞ்சள் மட்டும் விளக்குப் போட்டது மாதிரி தெரிந்தது. நாற்பது வயதுக்காரன், உயரமானவன். மடியில் காகிதத்தை விரித்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தான். பெயர் யோரிஸ், பெல்ஜியம். மூன்று மணி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறானாம்.

திருடினவன் திருடின இடத்திலிருந்து நூறு அடியில் உட்கார்ந்து சாவதானமாக ரொட்டி தின்னமாட்டான். இருந்தாலும் பெர்சி அவன் பையைப் பார்க்க வேண்டும் என்றார். அவனும் கோபப்படாமல் திறந்து காட்டினான். வரைபடம், சாக்ஸ், தேநீர்க் குடுவை.

பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்ட பாஷையில் அவன் பேசினான். "நான் அந்த மேசையில் இருபது நிமிடங்கள் அமர்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஒரு பெண்மணி தட்டுகளுடன் நான்கு முறை கடந்து சென்றார். ஒருமுறை புன்னகைத்தார். அவ்வளவுதான். எங்கள் ஊரில் நாம் அமர்ந்தால் யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள்."

"இங்க நீங்க உக்காந்தே செத்தாலும் யாரும் வரமாட்டாங்க கண்ணு," என்றாள் டிலிஸ். "எந்திரிச்சுப் போயி கவுண்டர்ல கேக்கணும்."

அவன் ரொட்டியைப் பார்த்தான், பப்பைப் பார்த்தான். "எனக்கு யாரும் சொல்லவில்லை," என்றான் வருத்தமாக.

பீர்கூடக் குடிக்கவில்லையா என்று பெர்சி இரண்டு தடவை கேட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அவன் இரண்டு தடவையும் சொன்னான். எல்லாரும் படம் எடுக்கக் கிளம்பியபோது பசி தாங்காமல் தானும் எழுந்து வந்துவிட்டானாம்.

திரும்பி நடக்கும்போது டிலிஸ் முகத்துத் தூறலைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "அப்ப அந்தக் கோப்பை யாரோடது?"

"அதத்தான் அந்தக் கோப்பைகிட்டயே கேக்கணும்."

மணி இரண்டு நாற்பது. ரோலண்ட் போன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஹேசலின் பெட்டி ஒன்று ஏற்கெனவே மாடிப்படிக்குக் கீழே இறங்கியிருந்தது. அவளே இறக்கினாளா, அவன் இறக்கச் சொன்னானா என்று பெர்சி கேட்கவில்லை.

ஆறாம் மேசையில் உட்கார்ந்து, தன்னுடையதைத் தொடாமல் மற்றக் கோப்பையின் அட்டையை எடுத்தார். கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே இருந்தது கறுப்பு பீர், இந்தப் பக்கத்தில் மைல்டு என்பார்கள். அது தெளிவாக இல்லை. மழைக்கு அப்புறம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. மோந்து பார்த்தார். கெட்டுப் போகவில்லை. அவசரப்பட்டு இறக்கின பீர்.

கவுண்டரைத் திரும்பிப் பார்த்தார். பீரை மேலே இழுக்கிற நாலு கைப்பம்புகள். மூன்றில் பீரின் பெயர்ப்பலகை முன்னால் பார்த்திருந்தது. மைல்டு பம்பில் மட்டும் பலகை சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. இந்த பீர் இப்போது இல்லை, கேட்காதே என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஹேசலைக் கூப்பிட்டு எப்போதிருந்து மைல்டு இல்லை என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி தீர்ந்துபோனது என்றாள். புதுப் பீப்பாய் நேற்றுதான் வந்தது. வண்டியில் குலுங்கி வந்ததால் நிலவறையில் வைத்து மண்டி அடங்க விட்டிருக்கிறது. நாளைக்கு முன்னால் யாரும் தொடமாட்டார்கள்.

"நிலவறைச் சாவி யார்கிட்ட?"

ஹேசல் திரும்பினாள். ரோலண்டின் இடுப்பைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த கோப்பையைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறுவதைப் பெர்சி கவனித்தார்.

டிலிஸுக்கும் விளங்கிவிட்டது. மஞ்சள் கோட்டுக்காரன் எழுந்து போனதை ரோலண்ட் பார்த்திருக்கிறான். பழி போட அவனைவிட வசதியான ஆள் கிடைக்கமாட்டான். ஆனால் வெறும் மேசையைக் காட்டி ஆள் இருந்தான் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு கோப்பை வேண்டும். கவுண்டரில் போய் ஊற்றினால் அங்கே நிற்கிற ஹேசல் பார்த்துவிடுவாள். அதனால் நிலவறையில் இறங்கி, இருட்டில் கைக்கு எட்டின பீப்பாயில் பிடித்து வந்திருக்கிறான்.

"அதெல்லாம் சரி. அட்டைய ஏன் வச்சான்?" என்றாள் டிலிஸ்.

"வைக்கலன்னா இவ ரெண்டே நிமிஷத்துல எடுத்துக் கழுவிருப்பா. கோப்பை நிக்கணும்னா இந்த ஊர்ல அதுக்கு ஒரே வழிதான் இருக்கு. அவன் யோசிச்சு வைக்கல. கை வச்சிருச்சு."

குவளை எங்கே என்பது மிச்சம். வெளியே கொண்டுபோயிருக்க முடியாது, வாசலில் நாற்பது பேர் படத்துக்கு நின்றார்கள். நிலவறையில் வைத்தால் போலீஸ் முதலில் பார்க்கிற இடம் அதுதான். பெர்சிக்கு அலுப்பாக இருந்தது. இந்த வயதில் ஒருத்தன் மனசுக்குள் புகுந்து தேடுவது, சாக்கடைக்குள் விழுந்த சாவியைக் கையை விட்டுத் துழாவுகிற மாதிரிதான். இந்தக் கடையில் எல்லார் கண்ணும் படுகிற இடம் கணப்பு. யார் கண்ணும் படாத இடம் எது?

அவர் தலையை நிமிர்த்தினார். நுழையும்போது எங்கே கண்ணைத் தாழ்த்தினாரோ அங்கே இந்தத் தடவை தாழ்த்தவில்லை.

ஜெத்ரோவின் கொக்கி காலியாக இல்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். டிலிஸ் அவர் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், போன்கள் உயர்ந்தன. பெர்சி குவளையைக் கழற்றினார். கழற்றும்போதே கட்டை விரல் அடிப்பக்கத்தில் எதையோ உணர்ந்தது. யாரோ அரத்தால் ராவி அழிக்கப் பார்த்திருக்கிறார்கள். முழுதாக அழியவில்லை. பெர்சிக்குப் படிப்பு வராது என்றாலும் இவ்வளவு வரும். திருப்பிப் பார்த்தார். அம்பெறிப் போட்டி, இரண்டாம் பரிசு, 1958.

வழிப்பறிக்காரன் செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1958இல் சுவர்ப்பலகையில் அம்பு எறிகிற டார்ட்ஸ் போட்டியில் தோற்றது ரோலண்டின் தாத்தனாகத்தான் இருக்க வேண்டும்.

ரோலண்ட் பக்கத்தில் வந்துவிட்டான். சிவந்த கழுத்து வெளுத்திருந்தது. பெர்சி நாற்காலியில் நின்றபடியே குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"செவ்வாக்கிழமை அந்தம்மா வந்து திருப்பிப் பாத்தா சிரிப்பா. அதனால திருடு போகணும். திருடு போகணும்னா ஒரு திருடி வேணும். ஏற்கெனவே ஒருத்தி உன் மாடியிலேயே இருந்தா."

"பெரியவரே, இந்த பஸ்ஸெல்லாம் நின்னா எட்டுப் பேரு சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?" என்றான் ரோலண்ட், அதே தணிந்த குரலில்.

"அந்த எட்டுல அவ இல்லையா?"

 அடுத்து ரோலண்ட் செய்ததை பெர்சி தன் முப்பத்தொரு வருஷ வேலையில் எந்தத் திருடனிடமும் பார்த்ததில்லை. சட்டென்று கூட்டத்தின் பக்கம் திரும்பினான். கையைத் தட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. விருந்தாளிகளுக்காக இன்றைக்கு ஒரு சின்ன விளையாட்டு வைத்திருந்தோம், காணாமல் போன குவளையை நம்ம ஊர்ப் பழைய போலீஸ்காரர் கண்டுபிடித்துவிட்டார், கவுண்டரில் இருக்கிற நம்ம ஹேசல் பாவம் திருடியாக நடித்தாள், அவளுக்கு ஒரு கைதட்டு கொடுங்கள் என்றான்.

கொடுத்தார்கள். விசில்கூட அடித்தார்கள். நாற்காலிமேல் குவளையோடு நிற்கிற கிழவனை நாற்பது போன்கள் படம் பிடித்தன. ரோலண்ட் ஒரு கையை ஹேசலின் தோள்மேல் போட்டு, இவள் இல்லாமல் இந்தக் கடை இல்லை என்றான்.

குவளைக்காக இன்னொரு கையை நீட்டினான். பெர்சி அவனிடம் கொடுக்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி ஹேசலிடம் கொடுத்தார். அவள் கட்டை விரலைப் பிடித்து அடிப்பக்கம் வைத்தார். அவள் தடவினாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து ரோலண்டைப் பார்த்தாள். அவன் கை அவள் தோளிலிருந்து தானாக இறங்கியது.

"நீயே மாட்டு," என்றார் பெர்சி.

அவள் போய் கணப்புக்கு மேல் ஆணியில் மாட்டினாள். படிக்குக் கீழே இருந்த பெட்டியைக் கண்ணால் காட்டினாள். அவ்வளவுதான். கடையின் முதலாளி அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறினான். சமையல்கட்டில் மூன்று மணி அடித்தது.

அவள் பெர்சியிடம் வந்தாள். 

"என்னை நம்புனீங்கல்ல மிஸ்டர் கார்சைட்?"

"கோப்பைய நம்புனேன்."

அவள் அதற்குச் சிரித்தாள். அவர் கணக்கில் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டவள் சிரிக்கிற சிரிப்பு. பதினாலு வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோதும் அவள் முகத்தில் இதே மாதிரி ஒன்று இருந்ததோ என்று பெர்சிக்குத் தோன்றியது. இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வாசல்வரை டிலிஸ் பேசிக்கொண்டே வந்தாள். நல்லபடியாக முடிந்தது, செவ்வாய்க்கிழமை வருகிற அம்மாள் ரோலண்ட் பாடு, அவன் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டிவிட்டான், இனிமேல் அவன் அவளை ஒன்றும் செய்யமுடியாது என்றாள். பெர்சி கேட்டுக்கொண்டே நடந்தார்.

"ஒரு வார்த்தையாவது நல்லதாச் சொல்லுங்களேன்," என்றாள் அவள்.

"நாற்காலி உறுதியா இருந்துச்சு."

டிலிஸ் பெருமூச்சு விட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஆறாம் மேசையில் அவருடைய பைண்ட் முக்கால்வாசி அப்படியே இருந்தது. முன்னே அவர் மூடி வைத்த அட்டை இப்போது அதன்மேல் இல்லை, பக்கத்தில் கிடந்தது.

"கோப்பைய மூடாம வந்துட்டீங்க. எடுத்துருவாங்க."

"எடுக்கட்டும்," என்றார் பெர்சி. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தூறலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வண்டியை நோக்கி நடந்தார்.